ஊடல் இல்லாத ஆராதனை

பெரும்பாலான தமிழ்ச் சபைகளில் ஞாயிறு ஆராதனைக்கான பாட்டுப் பட்டியல் சனிக்கிழமை இரவில்தான் உருவாகிறது. வொர்ஷிப் லீடர் வாட்ஸ்அப் குழுவில் நாலைந்து பாட்டைப் போடுவார். கீபோர்டுக்காரர் எந்த ஸ்கேல் என்று கேட்பார். டிரம்ஸ் வாசிக்கும் பையன் யூடியூப் லிங்க் கேட்பான். முதல் இரண்டு வேகமாக இருக்கட்டும், பிறகு மெதுவாக இறங்கலாம், காணிக்கைக்கு ஒன்று தனியாக. பெண்குரலுக்கு எட்டுமா, ஒரு பாட்டிலிருந்து அடுத்ததற்கு நிறுத்தாமல் போக முடியுமா என்பது வரை அலசுவார்கள். பாட்டு என்ன சொல்கிறது என்ற கேள்வி மட்டும் பெரும்பாலும் எழாது. யாராவது எழுப்பினாலும், எல்லாம் ஆண்டவரைத் துதிக்கிற பாட்டுதானே என்று பதில் வரும்.

போதகர் பிரசங்கத்தில் ஒரு வாக்கியம் பிசகினால் மூப்பர்கள் மத்தியானமே வீட்டுக்கு வந்துவிடுவார்கள். பாட்டில் பிசகினால் யாரும் வருவதில்லை. இத்தனைக்கும் பிரசங்கம் செவ்வாய்க்கிழமைக்குள் மறந்துபோகும். பாட்டோ பாத்திரம் கழுவும்போதும் வண்டி ஓட்டும்போதும் வாயில் ஓடிக்கொண்டிருக்கும். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடப்பவர் முணுமுணுப்பதும் பாட்டைத்தான். ஒரு சபை எதை நம்புகிறது என்று அறிய அதன் விசுவாசப் பிரமாணத்தைப் படிப்பதைவிட, அது திரும்பத் திரும்பப் பாடும் முப்பது பாட்டைக் கேட்பது நல்ல வழி.

பாட்டின் இந்த வலு ஆதித் திருச்சபைக்கே தெரியும். 4ஆம் நூற்றாண்டில் சிரியாக் மொழியில் எழுதிய எபிரேம், பர்தைசான் என்பவருடைய கொள்கை பாட்டாகப் பரவியிருந்ததைக் கண்டார். தாவீதைப் போலவே 150 பாடல் கட்டி ஜனங்களை இழுத்துவிட்டார் அந்த மனிதர் என்று குறைப்பட்டுக்கொண்டார். மறுப்புரை எழுதியதோடு எபிரேம் நிற்கவில்லை. தாமே பாட்டுக் கட்டி, பெண்களின் பாடகர் குழுக்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். அதே நூற்றாண்டில் லவோதிக்கேயாவில் கூடிய சங்கம் வேறு வழியில் போனது: தனியார் இயற்றிய சங்கீதங்களைச் சபையில் பாடவே கூடாது என்று விதித்தது. அந்தக் கதவு மூடியபடி நிற்கவில்லை என்பதற்கு நம் கையிலிருக்கும் பாட்டுப் புத்தகங்களே சாட்சி. அதனால் தேர்வு என்ற வேலை ஒவ்வொரு தலைமுறையின் தலையிலும் விழுகிறது.

அந்த வேலை அவசியமானதுதானா என்று கேட்பவருக்குத் திருச்சிராப்பள்ளியைக் காட்டலாம். 1819இல் ரெஜினால்ட் ஹீபர் என்ற ஆங்கிலக் குருவானவர் மிஷனெரிப் பணிக்குக் காணிக்கை எடுக்கும் ஆராதனைக்காக ஒரு பாட்டு எழுதினார். இலங்கைத் தீவின் வாசனைக் காற்றை வியந்துவிட்டு, அங்கே மனிதன் மட்டும்தான் இழிந்தவன் என்ற பொருளில் அதில் ஓர் அடி வரும். பிற்பாடு அவரே கல்கத்தாவின் பேராயராகி இந்தியா வந்தார். 1826 ஏப்ரலில் திருச்சியில் தமிழ்க் கிறிஸ்தவர்களுக்குத் திடப்படுத்தல் ஆராதனை நடத்திய அன்றே, குளிக்கப் போன இடத்தில் இறந்தார். அவரது கல்லறை அங்குள்ள தூய யோவான் ஆலயத்தில் இருக்கிறது. மனிதர் நல்லவர், மெட்டும் நல்ல மெட்டு. அதனால்தான் நூறாண்டுக்கு மேல் பாடியவர்களில் பலருக்கு அந்த அடி உறுத்தவில்லை. 20ஆம் நூற்றாண்டில்தான் பல பாட்டுப் புத்தகங்கள் அதை விட்டுவிட்டன. நல்ல எண்ணமும் நல்ல இசையும் சேர்ந்தால் கெட்ட சொல் எவ்வளவு காலம் தப்பித்துக்கொள்ள முடியும் என்பதற்கு அது ஓர் அளவு.

அண்மைக்காலத்தில் பாட்டின் சொல்லைச் சோதிக்கும் இந்த வேலை மிகக் கறாராக நடந்தது அமெரிக்காவில். கீத் கெட்டியும் ஸ்டூவர்ட் டவுனெண்டும் 2001இல் வெளியிட்ட ‘இன் கிரைஸ்ட் அலோன்’ என்ற பாடலை, பிரெஸ்பிட்டேரியன் திருச்சபை 2013இல் கொண்டுவந்த புதிய பாட்டுப் புத்தகத்தில் சேர்க்க அதன் தொகுப்புக் குழுவினர் விரும்பினார்கள். சிலுவையில் கடவுளின் கோபம் தணிந்தது என்று சொல்லும் ஓர் அடி சிலருக்கு இடறலாக இருந்தது. அந்த இடத்தில் கடவுளின் அன்பு பெருகியது என்று மாற்றியிருந்த ஒரு வடிவம் வேறொரு புத்தகத்தில் அச்சாகியிருந்தது. அதைப் போட அனுமதி கேட்டார்கள். ஆசிரியர்கள் மறுத்தார்கள். குழுவில் ஓட்டெடுப்பு நடந்தது. சேர்க்கலாம் என்று 6 பேர், வேண்டாம் என்று 9 பேர். பாட்டு வெளியே நின்றது.

இதைக் குறுகிய மனம் என்று பழித்தவர்கள் உண்டு. எனக்கு அந்த ஓட்டெடுப்பின் மேல் மரியாதைதான் வருகிறது. ஓர் அடியின் பொருளுக்காகப் புகழ்பெற்ற பாட்டை இழக்கத் துணிந்த குழுவும், புத்தகத்தில் இடம் போனாலும் அடியை மாற்றமாட்டோம் என்று நின்ற ஆசிரியர்களும், இரண்டு தரப்புமே சொல்லை மதித்தார்கள். ஜான் வெஸ்லியும் 1779இல் எழுதிய முன்னுரை ஒன்றில், எங்கள் பாட்டை அப்படியே அச்சிடுங்கள், திருத்தாதீர்கள், திருத்தியே தீருவேன் என்றால் மூலத்தை ஓரத்திலாவது போடுங்கள் என்று கேட்டுக்கொண்டார். தமிழில் இந்த உறுத்தல் அபூர்வம். பாட்டின் ஒரு சரணத்தை விட்டுவிடுவதும் சொல்லை மாற்றிப் பாடுவதும் யார் அனுமதியும் இல்லாமல் மேடையிலேயே நடந்துவிடுகிறது.

2020இல் அமெரிக்கக் கத்தோலிக்க ஆயர்களின் கோட்பாட்டுக் குழு இதை இன்னும் முறைப்படுத்தியது. நற்கருணை, திரித்துவம், திருச்சபை, யூத மக்கள், மனித இயல்பு என்று தலைப்புத் தலைப்பாக, பாட்டு வரிகளில் எங்கெல்லாம் பிசகு வரும் என்று ஒரு வழிகாட்டி எழுதியது. ஆங்கில உலகில் பள்ளிப் பிள்ளைகள் வரை பாடிய ‘லார்ட் ஆஃப் தி டான்ஸ்’ அதில் பிடிபட்டது. இயேசுவைக் கொன்ற பழியை யூத மக்கள் மேல் சுமத்தும் வாசிப்புக்கு அதில் ஒரு சரணம் இடம் கொடுக்கிறது என்பது காரணம். ஐரோப்பாவில் அந்தப் பழி எத்தனை உயிர்களைத் தின்றது என்று அறிந்தவர் இதை அதிகப்படியான கவலை என்று சொல்லமாட்டார். நம் துக்க வெள்ளிப் பாட்டுகளையும் இந்தக் கண்ணோடு ஒருமுறை படிக்கலாம். பாவத்தைக் கறுப்பு என்றும் குஷ்டம் என்றும் பாடும் பழைய வழக்கத்தையும் சேர்த்துப் பார்க்கலாம். சிவப்பழகுக் களிம்பு விற்கும் நாட்டில் கறுத்த பிள்ளை ஞாயிறுதோறும் அதைப் பாடுகிறது.

இவ்வளவு சொன்ன பிறகும் இந்த முறையின் பெரிய குறை ஒன்று பாக்கி இருக்கிறது. சோதனைப் பட்டியல் பாட்டில் இருப்பதைத்தான் பிடிக்கும், இல்லாததைப் பிடிக்காது. ஒவ்வொன்றாக எடுத்தால் ஒரு பிழையும் இல்லாத முப்பது பாட்டு, சேர்த்துப் பாடும்போது ஒரு பொய்யைச் சொல்ல முடியும். கடவுள் என்றால் கொடுப்பவர், விசுவாசி என்றால் வாங்குபவர், வாழ்க்கை என்றால் ஏறுமுகம் என்று அந்த முப்பதும் சொன்னால், எந்த அடியைத் திருத்தியும் பயனில்லை. ஆகவே தேர்வின் அலகு தனிப்பாட்டு அல்ல, ஓராண்டின் பட்டியல்.

அப்படிப் பட்டியலாகப் பார்க்கும்போது, இன்றைய தமிழ் ஆராதனைப் பாட்டின் மேல் வழக்கமாக வைக்கும் குற்றச்சாட்டுகள் பல நிற்காது. ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடுகிறார்கள் என்பது ஒன்று. 136ஆம் சங்கீதம் 26 வசனத்தில் 26 தடவை ஒரே வரிக்குத் திரும்புகிறது. அதை யாரும் குறை சொல்வதில்லை. எழுத்தறியாதவருக்குப் புத்தகம் இல்லாமல் பாட வழி செய்தது அந்தத் திரும்பல்தான். ஃபாதர் எஸ்.ஜே. பெர்க்மான்ஸின் ‘ஜெபத்தோட்ட ஜெயகீதங்கள்’ கிராமம் கிராமமாகப் போய்ச் சேர்ந்ததற்கு, வேத வசனத்தை ஒரே கேட்பில் மனத்தில் தங்கும் மெட்டில் வைத்தது முக்கிய காரணம். ஞானப்பாட்டுப் புத்தகத்தைத் தொட்டறியாத வீடுகளில் அவை விடியற்கால ஜெபமாயின. கைதட்டவும் கண்ணீர்விடவும் ஆராதனையில் இடம் கிடைத்தது. குறிப்பாகப் பெண்களுக்கு.

எல்லாம் ‘நான், எனக்கு’ என்றே இருக்கிறது என்பது இன்னொரு குற்றச்சாட்டு. 23ஆம் சங்கீதமும் 51ஆம் சங்கீதமும் ‘நான்’ பாட்டுகள்தான். நம் கீர்த்தனைகளிலும் பல ஒற்றை ஆளின் குரல். அந்த ‘நான்’ என்ன செய்கிறது என்பதுதான் கேட்க வேண்டியது. 51இல் அது ஒப்புக்கொள்கிறது. இன்றைய பட்டியலில் அது பெற்றுக்கொள்கிறது, உயர்கிறது, ஜெயிக்கிறது; மன்னிப்புக் கேட்பதும் பக்கத்து வீட்டுக்காரரைப் பார்ப்பதும் குறைவு.

‘நீர், உம்’ போய் ‘நீங்க, உங்க’ வந்துவிட்டது என்று பெரியவர்கள் முகம் சுளிக்கிறார்கள். எனக்கு இதில் இரண்டு மனம். ‘நீர்’ என்பது இன்று பலருடைய பேச்சில் கிட்டத்தட்ட ஆராதனைக்கு மட்டும் மிஞ்சியிருக்கும் சொல். அதில் மரியாதையும் நெருக்கமும் சேர்ந்த ஒரு தனி வாசம் உண்டு. ‘நீங்க’ என்பது அப்பாவிடமும் பேசலாம், பேங்க் மேனேஜரிடமும் பேசலாம். ஆனால் பேச்சுமொழியில் கடவுளிடம் பேசுவது தரக்குறைவு என்று சொல்லும்போது, யாருடைய பேச்சு தரமானது என்ற பழைய கேள்வி பின்னால் வந்து நிற்கும். அதற்குக் கீழே வருகிறேன்.

காதல் பாட்டு மாதிரி இருக்கிறது என்பது கடைசிக் குற்றச்சாட்டு. ‘இயேசு’ என்ற பெயரை எடுத்துவிட்டால் சினிமாப் பாட்டுதான் என்பார்கள். மேலைநாட்டு விமர்சகர்களிடமிருந்து கடன் வாங்கிய கவலை இது. தமிழில் அவ்வளவு எளிதாக எடுபடாது. ஆண்டாளும் மாணிக்கவாசகரும் பாடிய மொழியில் கடவுளைக் காதலனாகப் பாடுவது குற்றமாகுமா? தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் பெத்லகேம் குறவஞ்சியில் தேவமோகினியைத் தலைவனுக்காக ஏங்க வைத்துத்தானே பாடினார்? புதிய பாட்டில் காதல் இருப்பதை நான் குறையாகச் சொல்லமாட்டேன். அரைகுறைக் காதலாக இருப்பதுதான் குறை.

தமிழில் காதலுக்கு ஐந்து நிலம். குறிஞ்சியில் கூடல். முல்லையில் காத்திருத்தல். மருதத்தில் ஊடல். நெய்தலில் இரங்கல். பாலையில் பிரிவு. சங்கக் கவிஞர்கள் கூடலைப் பாடியதைவிடப் பிரிவையும் காத்திருப்பையும் பாடியதே அதிகம். சங்கீதப் புத்தகத்தை இந்தக் கண்ணோடு திறந்தால் வியப்பாக இருக்கும். விடியலுக்குக் காத்திருக்கும் இரவுக் காவலனைவிட ஆவலோடு கடவுளுக்குக் காத்திருக்கும் 130 முல்லை. ஏன் தூங்குகிறீர், ஏன் முகத்தை மறைக்கிறீர் என்று கடவுளிடமே சண்டைக்குப் போகும் 44 ஊடல். ஆழம் ஆழத்தை அழைக்கும் நீர்ப்பரப்பில் கண்ணீரே ஆகாரமாகக் கிடக்கும் 42 நெய்தல். பாபிலோனின் ஆற்றங்கரையில் சுரமண்டலங்களைத் தொங்கவிட்டுவிட்டுப் பாடமாட்டோம் என்று உட்கார்ந்திருக்கும் 137 பாலை. பொருத்தம் எல்லா இடத்திலும் கச்சிதமாக அமையாது. தொல்காப்பியர் எபிரேயக் கவிதையை மனத்தில் வைத்து இலக்கணம் எழுதவில்லை. ஆனாலும் 150 சங்கீதத்தில் குறைந்தது மூன்றில் ஒன்று புலம்பல் வகை என்பது வேத அறிஞர்கள் ஒப்பும் கணக்கு. 88ஆம் சங்கீதம் ஆறுதலே இல்லாமல் இருட்டில் முடிகிறது. அதையும் ஆராதனைப் பாட்டு என்றுதான் இஸ்ரவேலர் சேர்த்து வைத்தார்கள்.

நம் சனிக்கிழமைப் பட்டியலை எடுத்து இந்த ஐந்தில் பிரித்துப் பாருங்கள். நீர் என் பக்கத்தில் இருக்கிறீர், உம் பிரசன்னம் போதும், உம் மடியில் இளைப்பாறுவேன் என்று பாட்டுக்குப் பாட்டு கூடல். முழுக்க முழுக்கக் குறிஞ்சி. ஊடலுக்கு ஒரு பாட்டு கிடைக்காது. பிரிவு வந்தாலும் மூன்றாவது வரியில் தீர்ந்துவிடும். கண்ணீர் என்ற சொல் வரும்போதே துடைக்கும் கையும் கூட வந்துவிடும்.

இதனால் என்ன கெட்டுவிடும்? 2004 டிசம்பர் 26 ஒரு ஞாயிற்றுக்கிழமை. கடல் பொங்கி வேளாங்கண்ணியிலும் நாகப்பட்டினத்திலும் குளச்சலிலும் ஆயிரக்கணக்கானோரைக் கொண்டுபோனது. அடுத்த ஞாயிறு ஜனவரி 2. அதாவது புத்தாண்டு வாக்குத்தத்தப் பாட்டு பாட வேண்டிய வாரம். பிள்ளையைக் கடலுக்குக் கொடுத்த தாய் ஆலயத்தில் வந்து உட்கார்ந்தால், அவள் வாயில் வைக்க நம் பட்டியலில் எந்தப் பாட்டு இருக்கிறது? 2019இல் உயிர்த்தெழுந்த ஞாயிறன்று மட்டக்களப்பு சீயோன் ஆலயத்தில் குண்டு வெடித்தது. இறந்தவர்களில் பலர் பிள்ளைகள். அதற்கடுத்த ஞாயிறுகளுக்கும் பாட்டு வேண்டும். இவ்வளவு பெரிய சாவு வேண்டாம். ஒரு சாதாரண ஞாயிறில் சாதாரண சபையில், வேலை போனவர், கரு கலைந்தவர், மகன் குடிக்கிறான் என்று வெளியில் சொல்ல முடியாதவர் எப்படியும் நாலு பேர் இருப்பார்கள். மேடையிலிருந்து ‘சந்தோஷமாய்க் கைதட்டிப் பாடுங்கள்’ என்ற குரல் வரும்போது அவர்கள் செய்வதற்கு இரண்டுதான் உண்டு: நடிப்பது, அல்லது வாயை மூடிக்கொள்வது.

வாக்குத்தத்தப் பாட்டு என்று சொன்னேன். டிசம்பர் 31 இரவு ஆராதனையில் ஆண்டுக்கான வசனம் அறிவிப்பதும், ஊழியங்கள் அதையொட்டிப் புதுப் பாட்டு வெளியிடுவதும் இப்போது நிலைத்துவிட்ட வழக்கம். அதில் நன்மை இருக்கிறது. ஒரு வசனம் ஆண்டு முழுதும் நாவில் இருக்கும். ஆனால் வசனத்தை வெட்டி எடுக்கும் கத்தரி எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும். நன்மையான எதிர்காலத்துக்கான நினைவுகள் என்று எரேமியா 29இல் வரும் வாக்கு, அதிகம் பாடப்படுகிற ஒன்று. அது நாடு கடத்தப்பட்டவர்களுக்கு எழுதிய கடிதம். முந்தின வசனமே எழுபது வருஷம் ஆகும் என்கிறது. கடிதத்தைக் கேட்டவர்களில் பெரியவர்கள் பெரும்பாலோர் அதைப் பார்க்கப்போவதில்லை. பாட்டில் எழுபது வருஷம் காணாமல் போய், இந்த வருஷமே என்று ஆகிவிடுகிறது. அதேபோல உபாகமம் 28. வாலாக்காமல் தலையாக்குவார் என்பது அங்கிருந்து வருகிறது. அந்த அதிகாரத்தில் 68 வசனம். ஆசீர்வாதம் முதல் 14க்குள் முடிந்துவிடும், மிச்சம் முழுவதும் சாபம். 14ஐ மட்டும் பாடினால் எல்லோரும் தலையாகலாம். எல்லோரும் தலையானால் வால் யார் என்று எந்தப் பாட்டும் சொல்வதில்லை.

‘சத்துரு’ என்ற சொல்லும் இப்படித்தான். சங்கீதக்காரனுக்குச் சத்துரு என்பவன் கத்தியோடு துரத்தியவன், நிலத்தைப் பிடுங்கியவன். பாட்டு எழுதுகிறவர் பிசாசை நினைத்து எழுதியிருப்பார். பாடுகிறவருக்கோ, என் பகைவன் முன்னால் எனக்குப் பந்தி என்று பாடும்போது முதலில் நினைவுக்கு வருவது வரப்புச் சண்டை போட்ட பங்காளியும், பதவி உயர்வைத் தட்டிப் பறித்த சக ஊழியரும்தான். சத்துருவை நேசி என்ற போதனைக்கு நம் பட்டியலில் எத்தனை பாட்டு இருக்கிறது என்று எண்ணிப் பார்த்தால் ஒரு கை விரல் மிஞ்சும்.

தமிழுக்கு இரங்கல் புதிதா என்றால், இல்லவே இல்லை. கையறுநிலையும் ஒப்பாரியும் நம்முடையவை. வீரமாமுனிவர் இத்தாலியிலிருந்து வந்தவர். அவரே தாய் மரியாளின் துயரத்துக்கு அன்னை அழுங்கல் அந்தாதி பாடினார். தென்கோடிக் கடற்கரை ஊர்களில் தவக்காலத்து வியாகுலப் பிரசங்கம் கேட்டவர்களுக்கு, துயரத்தை இராகத்தில் இழுத்து ஊரையே அழவைக்கும் கலை தெரியும். லெந்து நாட்களில் பாடும் பழைய கீர்த்தனைகள் சிலுவையடியில் நின்று கேள்வி கேட்கும். இந்தச் சொத்தை வைத்திருக்கும் மொழியில், அண்மைப் பாட்டு மட்டும் இவ்வளவு சிரித்த முகமாக இருப்பதற்குக் காரணம் மொழிக்குள் இல்லை. ஆங்கிலப் பாட்டுச் சந்தையின் சாயல் அது. 2010களில் ஆங்கிலச் சபைகளில் முன்னணிக்கு வந்த ஆராதனைப் பாட்டுகளில் மிகப் பெரும்பகுதி ஹில்சாங், பெத்தேல், எலிவேஷன், பேஷன் என்ற நாலே நாலு பெருஞ்சபைகளோடு தொடர்புடையது. அதே கட்டமைப்பு, அதே ஏறுமுகம், அதே பிரிட்ஜ் பகுதியில் அதே உச்சம் தமிழுக்கும் வந்துவிட்டன. யூடியூப்பில் ஒரு பாட்டு ஓடவேண்டுமானால் முதல் அரை நிமிடத்தில் நம்பிக்கை தர வேண்டும். 88ஆம் சங்கீதம் அந்த நிபந்தனையில் தோற்றுவிடும்.

வேதநாயக சாஸ்திரியார் பெயரைச் சொன்னதால் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 1820களின் இறுதியில் தஞ்சையில் புதிய மிஷனெரிகளோடு அவருக்குப் பெரும் மோதல். தமிழ்க் கீர்த்தனைகளை ஆராதனையிலிருந்து விலக்குவதை எதிர்த்தார். அதில் அவர் பக்கம்தான் நியாயம். அதே மூச்சில், சாதி பாராமல் சபையாரைக் கலந்து உட்காரவைப்பதையும் கொடுமை என்று எதிர்த்தார். தமிழ்க் கிறிஸ்தவ இசையின் தலைமகனுக்கே பாட்டும் நீதியும் தனித்தனியாக இருந்தன. உங்கள் பாட்டின் இரைச்சலை என்னைவிட்டு அகற்றுங்கள், நியாயம் ஆற்று வெள்ளமாய்ப் புரளட்டும் என்ற கருத்தை ஆமோஸ் தீர்க்கதரிசி கடவுளின் வாயாகச் சொன்னது இந்த மாதிரி ஆராதனையைப் பார்த்துத்தான். கல்லறைத் தோட்டம் சாதிவாரியாகப் பிரிந்திருக்கும் ஊர்களில் இன்றும் நாம் ஒரே சரீரம் என்று பாடுகிறோம். ஆமோசின் அந்த அதிகாரம் ஆராதனைப் பாட்டாக வந்து நான் அதிகம் கேட்டதில்லை.

அந்தக் கோபம் பாட்டில் வந்த இடம் ஒன்று உண்டு. மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் கற்பித்த தியோபிலஸ் அப்பாவு. பரட்டை அண்ணன் என்றால் பலருக்குத் தெரியும், 2005இல் மறைந்தார். கர்நாடக மெட்டும் வடமொழி கலந்த நடையும் சேர்ந்த கீர்த்தனை, சேரியிலிருந்து வந்த சபையாரைத் தங்கள் ஆலயத்திலேயே விருந்தாளி ஆக்கிவிட்டது என்பது அவர் வாதம். நாட்டுப்புற மெட்டில், ஊர்ப் பேச்சில், பறையின் தாளத்தோடு ஆராதனை முறையையே எழுதினார். ஒரே உலையில் பொங்கி எல்லோரும் சேர்ந்து உண்பதை அவர் திருவிருந்தின் பொருளாக வைத்தார். சாதி பார்த்துத் தண்ணீர் கொடுக்கும் நாட்டில் அந்த ஒரு படிமத்துக்கு ஒரு கோட்பாட்டு நூலின் கனம் உண்டு. பேச்சுமொழி பற்றிய கேள்விக்கு இங்கேதான் பதில். அப்பாவுவின் பாட்டும் பேச்சுமொழி, இன்றைய யூத் மீட்டிங் பாட்டும் பேச்சுமொழி. முன்னது வயல்காட்டுப் பேச்சு, ஒரு கோபத்தோடு வந்தது. பின்னது பெரும்பாலும் நகரத்து அபார்ட்மென்ட் பேச்சு. அப்பாவுவிடம் குறையும் உண்டு. செய்தி முந்திக்கொண்டு பாட்டு பின்தங்கும் இடங்கள் இருக்கின்றன. போராட்ட மேடைக்குப் பொருந்தும் குரல் ஜெப அறைக்குப் பொருந்தாமல் போவதும் உண்டு. ஆனாலும் நம் சனிக்கிழமைப் பட்டியலில் அவருக்கு இடமே இல்லாதது அவருடைய குறையால் அல்ல.

இதுவரை பொருளைப் பேசினேன். ஓசையும் தேர்வின் பகுதிதான், தமிழில் கூடுதலாக. ஆங்கிலத்தில் எந்த உயிரொலியையும் மெட்டுக்கு ஏற்ப நீட்டலாம். தமிழில் குறில் நீண்டால் சொல்லே மாறிவிடும். மகன் என்று எழுதியிருப்பார். இரண்டாம் அசை நீண்ட சுரத்தில் விழுந்தால் சபை மகான் என்று பாடும். வரம் கேட்கும் இடத்தில் முதல் அசை இழுபட்டால் வாரம் கேட்டதாகும், குத்தகைக்காரர் பாட்டு. பெரும்பாலும் மெட்டை மாற்றாமல் மொழிபெயர்க்கும் ஆங்கிலப் பாட்டுகளில் இது நேர்கிறது. ஜெர்மன் மெட்டுக்குச் சொல் வைத்த பழைய ஞானப்பாட்டுகளுக்கும் இந்த நோய் உண்டு. முந்நூறு வருஷப் பழக்கத்தில் நமக்குக் காது மரத்துவிட்டது. சாஸ்திரியாரின் கீர்த்தனைகள் இன்றும் தடுக்காமல் ஓடுவதற்கு அவர் பக்தி மட்டும் காரணமில்லை. நெடில் எங்கே விழ வேண்டும் என்று தெரிந்து எழுதினார்.

நடைமுறைக்கு வருவோம். தென்னிந்தியத் திருச்சபையின் அல்மனாக் ஒவ்வொரு ஞாயிறுக்கும் ஒரு பொருளையும் வேதபாடங்களையும் ஏற்கெனவே தருகிறது. பல சபைகளில் பிரசங்கி மட்டும் அதைப் பார்க்கிறார். பாட்டெடுக்கிறவரும் திங்கட்கிழமையே பார்த்தால் பாதி வேலை முடிந்தது. அல்மனாக் இல்லாத சபைகள், கடந்த ஓராண்டில் பாடிய பாட்டெல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிப் பார்க்கலாம். புதுப் பாட்டைச் சேர்க்குமுன் யாராவது ஒருவர் அதை மெட்டில்லாமல் சபைக் குழுவின் முன் வாசிக்க வேண்டும். மெட்டைக் கழற்றியதும் சில பாட்டுகள் வெறுந்தரையாக நிற்கும், சில பாட்டுகள் அப்போதுதான் பொருள் விளங்கி நிமிரும். வாசிப்பதைக் கேட்க இசைக்குழுவுக்கு வெளியிலிருந்து இருவரைக் கூப்பிடுவது நல்லது. ஒருவர் வயதானவராக, ஒருவர் அந்த ஆண்டில் வீட்டில் சாவு கண்டவராக இருந்தால் இன்னும் நல்லது.

இதற்கு ஒரு மறுப்பு வரும் என்று தெரியும்: துக்கப் பாட்டு வைத்தால் புதிதாக வருகிறவர்கள் மறுவாரம் வரமாட்டார்கள். இருக்கலாம். ஆனால் அத்திமரம் துளிர்விடாவிட்டாலும் தொழுவத்தில் மாடில்லாவிட்டாலும் மகிழ்வேன் என்று முடியும் ஆபகூக்கின் ஜெபத்தைத் தமிழ்ச் சபை பல மெட்டில் விரும்பிப் பாடித்தான் வருகிறது. இழப்பைப் பெயர் சொல்லிப் பாட ஜனங்கள் அஞ்சுவதில்லை என்பதற்கு அதுவே அத்தாட்சி. அந்தப் புத்தகம் தொடங்குவது வேறு இடத்தில்: எதுவரைக்கும் கூப்பிடுவேன், நீர் கேளாமலிருக்கிறீரே என்ற முறையீட்டில். முடிவுக்கு மெட்டுப் போட்டவர்களில் யாராவது அந்த முதல் அதிகாரத்துக்கும் மெட்டுப் போட வேண்டும். அதைப் பாட நாட்காட்டியில் இடம் தேட வேண்டியதில்லை. லெந்தில் நாற்பது நாள் இருக்கிறது.